மாமனார் பெயர் தெமிர்

கலம்காஸ் எங்கள் புல்வெளியில் தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கிறவள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும்; விரிசல் விட்டது ஓட்டைப் பானைபோல் முனகும். வேலையும் சுத்தியலும் செத்துப்போன மாமனார் விட்டுப்போனவை. அவர் மட்டும் போன பாடில்லை. அவளுக்கு முன்னால் ஆளில்லாமல் ஒரு தட்டும் சத்தம் தினமும் நடந்துகொண்டிருக்கும்.

ஒரு பனிக்காலையில் அது ஓரிடத்தில் நின்றது. அவள் அங்கே தட்டினாள், முனகியது. பயணிகள் ரயில் வரும் நேரம். ஓடிப்போய்ப் பாதையோரக் கம்பத்துப் போனை எடுத்து நிலையத்தைக் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் தண்டவாளத்தைத் தெமிர் என்போம். மாமனார் பெயரும் அதுதான். மருமகள் அதை வாயால் சொல்லக்கூடாது.

"அண்ணே, ரயிலை நிறுத்துங்க! மாமா பேரு உடைஞ்சிருக்கு!"

"உன் மாமனார் செத்து மூணு வருஷமாச்சே! காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றார் நிலையத்து ஷோகன். "எது உடைஞ்சுதுன்னு சொல்லு."

தூரத்தில் ரயில் ஊதியது.

"தெமிர்! தெமிர் உடைஞ்சிருக்குய்யா!"

ரயில் நின்றுவிட்டது. ஆனால் தண்டவாளத்துக்குள்ளிருந்து ஒரு கிழக்குரல் கேட்டது: "என்ன மருமகளே, கூப்பிட்டியா?"

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராமலா இருப்பார்? அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கு முன்னால் நடப்பதில்லை. ஒட்டினாற்போல் பின்னால் வருகிறது.