மூக்கு மருந்துப் புட்டியில் உப்புத்தண்ணீர்

மதுரை கோச்சடையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுக்கும் முத்துமீனாவுக்கு ஸ்டீராய்டு என்று கேட்டாலே அண்ணன் முத்துப்பாண்டியின் இடுப்புதான் கண்முன் வரும். ஆஸ்துமா இழுப்புக்காக எந்த மருத்துவரையும் கேட்காமல் அந்த மாத்திரையை வருஷக்கணக்கில் வாங்கி விழுங்கியவர் அவர். இடுப்பெலும்பு கெட்டுப்போய், நடுவயதிலேயே கம்பூன்றி நடக்கிறார்.

மகள் பவதாரிணிக்கு எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரேயிலும் அதுதான் இருக்கிறது என்று மருந்துக்கடையில் தெரிந்ததும் அந்தப் புட்டியை மகளிடம் கொடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் பவதாரிணிக்கு, மழை முடிந்து பார்த்தீனியக் களைச்செடி பூத்துவிட்டால் காலையிலேயே தும்மல் தொடங்கிவிடும். கண் சிவந்து, மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டபடிதான் வகுப்பில் இருப்பாள். மருந்து வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். முத்துமீனா யாருக்கும் தெரியாமல் புட்டியின் மூடியைத் திருகி, மருந்தைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீரை ஊற்றி வைத்தாள். அடுத்த புட்டிக்கும் அப்படியே செய்தாள்.

பவதாரிணி அதை ஒருநாள் விடாமல் அடித்துக்கொண்டாள். தும்மல் நிற்கவில்லை.

ஸ்பிரேயை எழுதிக்கொடுத்த திருப்பரங்குன்றம் மருத்துவர் கிரிதரன் அவளுடைய ரத்தத்தையும் மூக்குச் சளியையும் மறுபடி சோதித்துப் பார்த்தார். அலர்ஜியில் பெருகும் ஈசினோஃபில் அணுக்கள் இரண்டிலும் பழையபடியே நிறைந்திருந்தன.

"மருந்து போயிருந்தா மூக்குச் சளியிலயாவது குறைஞ்சிருக்கணும். ஸ்பிரேய அடிக்கவே இல்லையாம்மா நீ?"

"தினமும் அடிக்கிறேன் சார்."

"பொய் சொன்னா எனக்கு நட்டமில்ல. கஷ்டம் உனக்குத்தான்."

பவதாரிணி அம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. நீதான் பாக்குறேல்ல."

முத்துமீனா மடியிலிருந்த பையைப் பார்த்தபடி, "அடிக்கத்தான் செய்யிறா" என்று முணுமுணுத்தாள்.

"அப்ப ஸ்பிரே கேக்கல. கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை தாரேன்" என்று அவர் சீட்டு எழுதினார். அண்ணன் விழுங்கிய அதே மாத்திரை.

திரும்பும் பேருந்தில் பவதாரிணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பழங்காநத்தம் வந்தபோது, "அப்பாவும் என்னயத்தான் பொய்க்காரின்னு சொல்வாரு, இல்லம்மா?" என்று கேட்டாள்.

அதற்குமேல் முத்துமீனாவால் அடக்க முடியவில்லை. "பாப்பா, அதுல மருந்தே இல்ல. நான்தான் கொட்டிட்டு உப்புத்தண்ணிய ஊத்துனேன். மாமா மாதிரி ஆயிருவியோன்னு பயம்."

பவதாரிணி கண்ணைத் துடைத்தாள். "பயந்தத விடு. அவரு என்னயப் பொய்க்காரி ஆக்கும்போது ஏன் பேசாம இருந்த?"

முத்துமீனா அடுத்த நிறுத்தத்தில் மகளோடு இறங்கி, எதிர்ப்பக்கம் பேருந்து பிடித்து மருத்துவரிடமே திரும்பிப் போனாள். நடந்ததைச் சொன்னாள்.

கிரிதரன் முதலில் பவதாரிணியிடம்தான் பேசினார். "உன்ன நம்பாம பேசிட்டேன்மா. தப்புதான்." பிறகு மாத்திரைச் சீட்டைக் கிழித்துவிட்டு முத்துமீனா பக்கம் திரும்பினார். "மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். ஸ்பிரே பெரும்பாலும் மூக்கோட நின்னுரும், உள்ள போறது ரொம்பக் கம்மி. பயமிருந்தா என்னயக் கேட்டிருக்கலாமேம்மா."

அன்று மாலையே கணவர் பாண்டிராஜிடமும் முத்துமீனா தானாகச் சொன்னாள். மகள் புதுப் புட்டியைத் தன் கல்லூரிப் பையிலேயே வைத்துக்கொண்டாள். அடுத்த சோதனையில் மூக்குச் சளியில் ஈசினோஃபில் அணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. தும்மல் அடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கருவாட்டுக் கொழம்பாம்மா? தெருமுனையிலயே மணக்குது" என்றாள் பவதாரிணி. இத்தனை மாதமும் எந்த வாசமும் தெரியாமல்தான் மகள் சாப்பிட்டிருக்கிறாள் என்பது முத்துமீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.