குகையில் கிடந்த கடல் சிப்பி

வெள்ளைக்காரத் துரையின் கித்தான் நாற்காலியைக் குகைக்குள் தூக்கிவர இரண்டு ஆட்கள் வேண்டும். தரை சமமாக அமையும்வரை அதை மூன்று இடங்களில் வைத்து எடுப்பார்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் ஆதிமனிதனைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த நான், கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குகையில் அவர் நடத்திய அகழ்வுக்குப் படம் வரையப் போனேன். மண்ணடுக்குகளை அளந்து காகிதத்தில் கோடுகளாக்குவது என் வேலை. துரைக்கு அந்த அளவுகள் எதுவும் தேவைப்படவில்லை. தோண்டுவதற்கு முன்பே முடிவை எழுதி வைத்திருந்தார். காட்டு வெக்கையும் சிரமமில்லாமல் கிடைத்த கிழங்கும் அக்கால மனிதர்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டனவாம். குகையை விட்டு அவர்கள் நகரவே இல்லையாம். இதை எழுதியவர் நாற்காலியை விட்டு நகர்ந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமே நான் பார்த்திருக்கிறேன்.

கடலோர ஊரான கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண் அங்கே மண்கூடை சுமந்தாள். ஒருநாள் சாம்பல் அடுக்கிலிருந்து ஒரு கை சிப்பிகளை அள்ளி என்னிடம் நீட்டினாள்.

"கிராணி ஐயா, இது கெராங்கு. எங்க கிள்ளான் பாசார்ல கூடை கூடையா விப்பாங்க. கடலோரச் சேத்துலதான் கெடக்கும். இங்க எப்படி வந்துச்சு?"

சிப்பிகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, அந்தக் காலத்தில் கடல் இன்னும் உள்ளே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இவர்கள் கடல்வரை போய் வந்திருக்க வேண்டும். எதுவானாலும் குகையை விட்டு இறங்கித்தான் அள்ளியிருக்க வேண்டும்; துரையின் கட்டுரை நிற்காது.

அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"கூலிகள் தின்றுவிட்டுப் போட்டிருப்பார்கள். படத்திலிருந்து அந்த அடுக்கை எடுத்துவிடு."

மூன்றடி ஆழத்தில், சாம்பலோடு இறுகிக் கிடந்தவை அவை! அவருடைய பங்களா வாசலின் மழைச் சேற்றை மூட ஆட்கள் அவற்றைக் கொட்டி மிதித்தார்கள்.

நான் என்ன செய்தேன்? சவர அலகை எடுத்துப் படத்தில் அந்த அடுக்கின் மைக்கோட்டைச் சுரண்டினேன். வேலை போய்விடும் என்ற பயம். ஆனாலும் தடம் தெரியாமல் சுரண்டினேன். தொழில் தெரிந்தவன் அல்லவா?

கூடையோடு நின்று பார்த்தவள் கேட்டாள்: "கெடைச்சது வேணாம்னா எதுக்குய்யா தோண்டச் சொல்றாங்க?"

சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழுக்கினேன்.

கிழவனான பிறகு அந்த அகழ்வின் அச்சிட்ட அறிக்கையை ஒரு நூலகத்தில் புரட்டினேன். துரையின் சோம்பேறிகள் நல்ல தாளில், நல்ல எழுத்தில் அப்படியே இருந்தார்கள். என் படத்தில் சாம்பல் அடுக்கு இருந்த இடத்தில் வெறும் களிமண். அதனடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: நேரில் அளந்து வரைந்தவர் என்று, என் பெயர்.