அரைநாள் வழி

கிர்கிஸ்தானில் எங்கள் கரகோல் ஊரில் தங்கும் விடுதிகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துப் பிழைப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். படம் பளபளத்தால் போதும், எழுத்து எப்படி இருந்தால் என்ன என்பது அவர்கள் கட்சி. சூரகான் மட்டும் எழுத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தளம் வெளியாகும் முன், ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் விடுதிக்காரருக்குத் தொலைபேசியில் கிர்கிஸில் சொல்லிக்காட்டி, இது உண்மைதானா என்று கேட்பாள். வெந்நீர் உண்டு என்றால், எந்நேரமும் உண்டா, அடுப்பு மூட்டினால்தான் உண்டா என்று குடைவாள். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்வது எங்கள் ஊரில் மானக்கேடு. எதைக் கேட்டாலும் இருக்கிறது என்றுதான் வாய் வரும். அதை அப்படியே திரையில் ஏற்றினால் யார் தலையில் விடியும்?

இத்தனை பாடுபட்டதற்கு நன்றி கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. நச்சரிப்புக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பதினோரு வருஷம் இப்படியே ஓடியதில், நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு மிஞ்சியது கண்ணெரிச்சலும் கழுத்து வலியும்தான்.

போன வசந்தத்தில் ஆறு தளங்கள் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. கடைசியாக வந்தது எசென்பெக்குடையது. மலையடிவாரத்தில் நான்கு கம்பளிக் கூடாரம் போட்டுப் பயணிகளைத் தங்கவைப்பவர் அவர். எழுத்துப் பிழைகளை எல்லாம் சூரகான் திருத்திவிட்டாள். சொல்லிக்காட்டத்தான் தெம்பில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஏற்றிவிடு தங்கச்சி என்று அவரும் அவசரப்படுத்தினார். ஏற்றிவிட்டாள். அதில் ஒரு வரி, மேல் ஏரிக்கு அரைநாள் வழி என்றது.

ஜூலையில் ஒரு செக் நாட்டுத் தம்பதி வந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற வாத்தியார்கள். அந்த வரியை நம்பி, கொஞ்சம் ரொட்டியும் ஒரு குப்பித் தண்ணீருமாக விடியலில் ஏரிக்கு நடந்தார்கள். பொழுது சாயத் திரும்ப வேண்டியவர்கள் மறுநாள் காலைவரை வரவில்லை. மேலே ஆலங்கட்டி மழை. எசென்பெக் கூப்பிட்டுச் சொன்னதும் சூரகான் அவரைத் தொலைபேசியை வைக்காமல் இருக்கச் சொன்னாள். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, அரைநாள்னு எழுதிக் குடுத்தீங்களே, அது நடந்து போனாலா?"

"நடந்தா? குதிரையிலம்மா. அங்க யாரு நடந்து போவா?" என்று கேட்டார். பிறகு, "நான் ஒருநாளும் நடந்ததில்லையே தங்கச்சி" என்றார்.

அவர் மேல் கோபப்பட அவளுக்கு முகம் ஏது? கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. குதிரைகளுக்குச் சேணம் பூட்டியாகிவிட்டது, மச்சானோடு தேடப் போகிறேன் என்று அவர் வைத்துவிட்டார். அன்று அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. ஒரு பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்தார்களாம். அம்மாளுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது, கணவருக்குக் குளிரில் நாக்குக் குழறியது. உயிர் இருந்தது. சூரகான் மேசையில் தலையைச் சாய்த்து அழுது தீர்த்தாள்.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, குதிரையில் அரைநாள், நடந்தால் போகவே ஒரு முழுநாள், கூடாரம் இல்லாமல் போகாதீர்கள் என்று மாற்றினாள். மாற்றியது வெளியே தெரிகிறதா என்று பார்க்க ஏரியின் பெயரைப் போட்டுத் தேடினாள். வேறு நான்கு விடுதிகளின் தளங்களில் அதே பழைய வரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. ஒன்றுகூட அவள் செய்த தளம் இல்லை.

தொலைபேசியை எடுத்தாள். முதல் ஆள், வேலை பிடிக்க இப்படி ஒரு வழியா என்று நக்கலடித்தான். இரண்டாமவர், மகன் வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மூன்றாவது இடத்தில் எடுக்கவே இல்லை. நான்காவதாக, பள்ளத்தாக்கின் மறுபுறம் விடுதி நடத்தும் ரக்கியா என்ற அம்மாள் பொறுமையாகக் கேட்டு, இப்போதே மாற்றச் சொல்கிறேன் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அலுப்பில் சூரகானுக்கு வாய் நிற்கவில்லை.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, ஒரு தடவ படிச்சாவது பார்த்திருக்கக் கூடாதாக்கா?"

"எதுக்கும்மா படிக்கணும்?" ரக்கியாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எசென்பெக் தளத்துல கீழ உம் பேரு போட்டிருந்துச்சே. சூரகான் பார்த்த எழுத்துல தப்பிருக்காதுன்னுதானே எல்லாரும் எடுத்தோம்."