அண்ணன் இல்லாத முதல் ஆட்டம்

அண்ணனின் தலைத்திவசத்துக்கு வந்து, சாப்பிட்டு, வெற்றிலைபாக்கோடு இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். "இன்னா கிண்டல் வேணாலும் பண்ணிக்கோ, பொய் மட்டும் எழுதாத" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். எதற்கெடுத்தாலும் பதறுகிறவன் நான் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

அண்ணன் பிறந்தது மாகறலில், அம்மா பிறந்த வீட்டில். வளர்ந்தது உத்திரமேரூரில். அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் வைத்தவர். அண்ணன் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு அண்ணன் காலையில் மடை பார்த்துவிட்டு, காலில் ஒட்டிய சேற்றோடு பள்ளி மைதானத்துக்குக் கால்பந்து ஆட ஓடுவார். முன்னால் நின்று கோல் போடத்தான் எல்லாருக்கும் ஆசை. அண்ணன் உயரமாக இருந்தார், எதிர்த்துப் பேசவும் மாட்டார். அதனால் அவரைப் பின்னால் நிறுத்தினார்கள். அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

பிறகு சென்னையில் ஒரு தொழிற்சாலை அணியில் தடுப்பாட்டக்காரராக, வேலையோடு சேர்த்து இடம் கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆட்டத்துக்கு மறுநாள் பேப்பரைப் புரட்டினால் கோல் போட்டவர் பெயர் இருக்கும். போட விடாதவர் பெயர் இருக்காது. எனக்கு ஆத்திரமாக வரும். அண்ணன் சிரிப்பார். "டேய், பேப்பர்ல என் பேரு வந்துச்சின்னா நான் எங்கியோ கோட்டை வுட்டுட்டேன்னு அர்த்தம்டா."

முழங்கால் போனது. கொஞ்ச நாளில் அந்த அணியையும் கலைத்துவிட்டார்கள். அண்ணன் ஊருக்குத் திரும்பி மறுபடி நிலத்தில் இறங்கினார். சாயங்காலமானால் மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. பெண் பிள்ளைகளுக்கு ஓர் அணி சேர்க்க அவர் வீடு வீடாக ஏறி இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குப்பா பந்து?" என்று கேட்பார்கள். "வேற இன்னாத்துக்கு, ஒதைக்கத்தாங்க்கா" என்பார். முதல் ஆளாகத் தன் மகள் கோமதியைச் சேர்த்தார். தடுப்பாட்டத்தில்தான். ஆட்டத்தின்போது கோட்டோரம் நின்று கத்தவே மாட்டார். எதிராளி பந்தோடு வரும்போது, "இரு... இரு..." என்று அவர் மெதுவாகச் சொல்வது மட்டும் கேட்கும். அவசரப்பட்டுக் காலை நீட்டுகிறவரைத் தாண்டிப் போவது சுலபம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குப்படி என்னைத் தாண்டிப் போவது உலகத்திலேயே சுலபம்.

போன வருஷம் ஒரு மாலை, பயிற்சி முடிந்து வந்து அண்ணன் தண்ணீர் கேட்டார். அண்ணி சொம்போடு வருவதற்குள் போய்விட்டார். அப்போது பெண்கள் அணி மாவட்ட அரையிறுதிக்கு வந்திருந்தது. ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை, காஞ்சிபுரத்தில்.

விதிப்படி பெஞ்சில் அணியின் பொறுப்பாளர் ஒருவர் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் எதிரணி ஆடாமலே ஜெயித்ததாக ஆகிவிடும். பொறுப்பாளர்களாகக் கொடுத்திருந்தது இரண்டே பெயர்கள். ஒன்று அண்ணன். இன்னொன்று, தண்ணீர் கேன் தூக்கிய குற்றத்துக்காக, நான். ஆனால் அண்ணனுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைத்ததும் நான்தான். எங்கள் வழக்கத்தில் கொள்ளி வைத்தவர் கருமாதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உடம்பில் எந்நேரமும் இரும்பு இருக்க வேண்டும். மாகறல் மாமா, அம்மாவின் தம்பி, என் இடுப்பில் ஒரு கத்தியைச் செருகிவிட்டிருந்தார்.

மெல்ல அவரிடம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னாடா பேசற? சாம்பல் சூடு ஆறல, பந்து ஒதைக்கப் போறியா? எல்லையைத் தாண்டினன்னு வையி, அப்புறம் என் மூஞ்சில முயிக்காத."

சாவு விழுந்ததிலிருந்து கோமதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அண்ணிக்கு அதுதான் பெரிய பயம். கோமதி என் எதிரே வந்து நின்றாள். "சித்தப்பா, நீ வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு." "தோ வந்துட்டேன்" என்று கொல்லைப்பக்கம் போனேன். அங்கேயே வெகுநேரம் இருந்தேன்.

திரும்பி வந்தபோது, துக்கம் கேட்க வந்த ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மோத வேண்டிய வாலாஜாபாத் அணியின் கோச். அந்தக் காலத்தில் அண்ணனை எதிர்த்து ஆடிய முன்வரிசை ஆட்டக்காரர். "உங்க அண்ணன் அளவுக்கு என்னை யாரும் ஒட்டிக்கினு நின்னதில்ல. என் சம்சாரம்கூட நின்னதில்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி விஷயத்தைச் சொன்னார். அவர் சற்று யோசித்தார்.

"இவரு எல்லையைத் தாண்டக் கூடாது, அவ்ளோதானே? நாங்க தாண்டறோம்."

அவரே போட்டி நடத்துகிறவர்களிடம் பேசி, ஆட்டத்தை உத்திரமேரூர் மைதானத்துக்கு மாற்றிவிட்டார். வழக்கத்தில் இதற்குத் தடை ஏதாவது இருக்கிறதா என்று மாமா நெடுநேரம் தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் என்னைக் காவல் காக்கக் கூடவே வந்தார்.

நடுவர் இளைஞர். என் இடுப்பைப் பார்த்தார். "சார், அது இன்னா?"

"கத்தி."

"கத்தியோட பெஞ்சுல உக்கார முடியாது சார்."

"இல்ல சார், நான் கொள்ளி வச்சவன்."

"யாருக்கு?" என்று கேட்டபடியே நடுவர் பின்னால் நகர்ந்தார்.

மாமா குறுக்கே வந்து கத்தியை வாங்கிக்கொண்டார். "பெஞ்சு இரும்புதான். கெட்டியா புடிச்சிக்கோ. கைய எடுத்த, அவ்ளோதான்."

அப்படித்தான் அந்த ஆட்டம் முழுக்க இரும்புப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியாததால் கத்தினேன். கோமதி ஓடிவந்தாள். "சித்தப்பா, சும்மா இரு. நீ சொல்றது அவங்களுக்குத்தான் யூஸா கீது." வாயை மூடிக்கொண்டேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னரில் நம் பிள்ளைகள் கோல் போட்டார்கள். அதன் பின் பந்து நம் பக்கமே கிடந்தது. கடைசி நிமிடத்தில் கோல்கீப்பரையும் தாண்டிய பந்தைக் கோமதி கோட்டின் மேல் நின்று நெஞ்சில் வாங்கித் தள்ளினாள். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

எல்லாப் பிள்ளைகளும் கூச்சல் போட்டு ஓட, கோமதி மட்டும் கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, "அப்பா" என்று வீறிட்டாள்.

எப்போது கையை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பாதி மைதானம் ஓடிய பிறகுதான் வெறுங்கையோடு ஓடுவது உறைத்தது. திரும்பினால் பின்னால் மாமா, கையில் கத்தியோடு ஓடி வருகிறார். தீர்ந்தேன் என்று நினைத்தேன். மாமா என்னைக் கடந்து போனார். கத்தியைப் புல்லில் போட்டுவிட்டு, அந்த வயதில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அழு கண்ணு. நல்லா அழு." எதிரணிப் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றார்கள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். அதற்குள் கருமாதி முடிந்திருந்ததால், நின்றுகொண்டே பதற எனக்கு வசதியாக இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். தன் அணியைத் தானே அழைத்துவந்து தோற்றுப்போன வாலாஜாபாத் கோச்சுக்கு. ஊர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அன்று பிள்ளைகளை அனுப்பிய அம்மாக்களுக்கு. கையை எடுத்ததைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்காத மாமாவுக்கு. காரியங்கள் முடியும்வரை எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்துப் போட்ட தெருக்காரர்களுக்கு.

கடைசியாக அண்ணிக்கு. அன்று மாலை கோமதியோடு வீட்டுக்கு வந்தபோது, அண்ணி மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தார். அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜெயித்தீர்களா என்று கேட்கவில்லை.

"ஒரு கோலாச்சும் உள்ள வுட்டீங்களா?"

"இல்ல அண்ணி."

"சரி" என்று சொல்லி, அண்ணனுக்காக எரிந்துகொண்டிருந்த விளக்குக்கு எண்ணெய் விட உள்ளே போனார்.