ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும்

என் தங்கையிடம் வருகிற வண்டி பெரும்பாலும் மூன்று கடை ஏறி இறங்கிய வண்டியாக இருக்கும். முதல் கடையில் பேட்டரியை மாற்றியிருப்பார்கள். அடுத்த கடையில் ஸ்பார்க் பிளக். மூன்றாவது கடைக்காரன் செல்ஃப் மோட்டாரையே மாற்றியிருப்பான். அதற்கப்புறமும் காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ரெண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். "அந்தப் பொம்பளகிட்டயும் காட்டித்தான் பாப்போமே" என்று அப்போதுதான் எங்கள் ஷெட்டுக்கு வருவார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்து, "அண்ணே, வயரிங் பாக்கணும்" என்பார்கள். நான் டிங்கர். நசுங்கின கதவை நிமிர்த்துகிறவன். சுத்தியலை நீட்டிக் காட்டுவேன். "அதோ, பானட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்குதே, அதுகிட்டப் போங்க."

எங்கள் இருவரின் படிப்பையும் கூட்டினால் பதின்மூன்று வகுப்பு தேறும். அதில் எட்டு என்னுடையது. அவள் மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் பதினோரு வருடம் உட்கார்ந்து, பிறகு என் ஷெட்டுக்கு வந்து வயரிங் பழகினாள். அளந்து பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டாள். அளந்த எண்ணை வண்டிக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். மீட்டர் என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் என்று நாங்கள் கூப்பிடுகிற டிரைவர் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தான். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலிலேயே பொழுதைக் கழிப்பவன் என்பதால் அந்தப் பேர். வண்டிக்கு இருபத்திரண்டு வயது.

"மீட்டரக்கா, உன் கைராசிய நம்பித்தான் வந்திருக்கேன்."

"கைராசிக்கு ஜோசியக்காரன்கிட்டப் போ. இங்க வந்தா சாவியத் திருப்பு."

பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. குறை அங்கே இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னாள். அரை வோல்ட்கூடக் காட்டக்கூடாத இடத்தில் மூன்று காட்டியது. மோட்டாருக்குப் போகிற கரண்ட் எஞ்சினிலிருந்து பாடிக்குத் திரும்பி வர ஒரு தடித்த செம்புப் பட்டை உண்டு. எர்த் பட்டை என்போம். அதைக் கழற்றி மடக்கினாள். மேலே பார்க்க நன்றாக இருந்த பட்டைக்குள்ளிருந்து பச்சைப் பொடி கொட்டியது. மூன்று கடைக்காரர்கள் கண்டுபிடிக்காததைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் தெரியாதவன்போல் நான் தட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த அளவுப் பட்டை விற்கிற கடையை இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.

"அக்கா, டைப்ரைட்டிங் டீச்சர் பதினோரு மணிக்கு டயாலிசிஸ் மெஷின்ல படுக்கணும். லேட்டானா பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. ஒரே ஒரு ஓட்டம்க்கா."

"முடியாதுடா."

"அவங்களுக்குப் போன வாரமே மூச்சு வாங்கிச்சு. நான் இல்லன்னா யாரு தூக்கி ஏத்துவா?"

தங்கை தரையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு ஹாரனுக்குப் போடுகிற மெல்லிய ஒயரில் ஒரு முழம் வெட்டி, பட்டை இருந்த இடத்தில் முறுக்கிக் கட்டினாள். "ஒரு ஓட்டத்துக்குத் தாங்கும். இறக்கி விட்டுட்டு நேரா இங்க வந்து சேரு" என்றாள். மூன்றாவது தடவை வண்டி பிடித்துக்கொண்டது.

செல்ஃப் அடிக்கும்போதுதான் அந்த ஒயரில் பெரிய கரண்ட் பாயும். டீச்சர் வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி செல்ஃப் அடிப்பான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு இறக்கம். அங்கே வண்டி கட்டுக்கடங்காமல் ஓடிப் போய்ச் சுற்றுச்சுவரில் மோதியது. அன்று சாயங்காலமே டீச்சர் இறந்துவிட்டார். டாக்டருக்குத் தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தார், டயரைப் பார்த்தார், அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கட்டிலில் கிடந்தபடி டாக்டர், "ஆக்சிலேட்டர் மேல எழும்பவே இல்ல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னானாம். "எல்லாவனும் இதத்தான் சொல்வான்" என்றாராம் போலீஸ்காரர். கேஸ் அவன்மேல் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை தங்கை என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் மோதின வண்டிகளைப் போட்டு வைத்திருக்கும் இடத்துக்குப் போனாள். பானட் நசுங்கி மாட்டியிருந்தது. கம்பியைக் கொடுத்து நெம்பித் திறந்தேன். அவள் கட்டின ஒயரின் தோல் உருகி வழிந்து, உள்ளே கம்பி கருகி அறுந்திருந்தது. அவள் அங்கே நிற்காமல் ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டாள். கேபிளின் உறை உப்பிப் போயிருந்தது. பெடலை அழுத்தினாள், அசையவில்லை.

"ஒயர் கருகினதும் கரண்டு பாடிக்குப் போக இந்த இரும்புக் கேபிள் வழியாத் திரும்பியிருக்குண்ணே. கேபிள் கொதிச்சு, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் உருகி, ஓட ஓட ஆறி ஒட்டிக்கிச்சு. அவன் பொய் சொல்லல."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வாசலில் இருந்த காவலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, அறுந்து தொங்கிய ஒயரில் வைத்துவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

"இத மட்டும் எடுத்துடறேன். கேபிள் உருகினத அவங்களே பாத்துக்கட்டும். அவனும் தப்பிச்சுக்குவான், நீயும் தப்பிச்சுக்குவே."

"அப்ப பட்டையக் கழட்டினது யாருன்னு கேப்பாங்கல்ல? பட்டை இல்லாம ஓட்டினான்னு அவன்மேலதான் எழுதுவாங்க."

"எழுதட்டுமே! யாராச்சும் தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குவாங்களா?"

"கைய எடு."

"அடியே, நான் உங்கூடப் பொறந்தவன்டி."

"தெரியும். கைய எடுண்ணே."

எடுத்துவிட்டேன்.

பரிசோதகரை அழைத்து வரச் செய்து, கேபிளை நீளவாக்கில் கீறிக் காட்டினாள். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ஒயரக் கட்டினது யாரும்மா?"

"நான்தான் சார்."

"யோசிச்சுப் பேசு."

"மூணு நாள் யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

டாக்டரின் மீதிருந்த கேஸை எடுத்துவிட்டார்கள். தங்கைமேல் போட்டார்கள். ஒன்றரை வருடம் நடந்தது. அலட்சியத்தால் உயிர் போனது என்று ஆறு மாதம் ஜெயில் தீர்ப்பானது. டீச்சரின் மகள் எல்லா வாய்தாவுக்கும் வந்தார். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

தீர்ப்பு நாளன்று வராந்தா பெஞ்சில் தங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பெண் காவலர் ஒருவர் பக்கத்தில் நின்றார். டாக்டர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன் வாக்குமூலத்த வக்கீல் படிச்சுக் காட்டினாரு. நான் அவசரப்படுத்தினத ஏன்க்கா சொல்லல?"

"அத எதுக்குச் சொல்லணும்?"

"நான் கெஞ்சலன்னா நீ கட்டியிருக்க மாட்டியே. சொல்லியிருந்தா கொறச்சுக் குடுத்திருப்பாங்க."

"கேக்கறவங்க கேக்கத்தான்டா செய்வாங்க. ஷெட்டுக்கு வர்ற அத்தனை பேருக்கும் அவசரந்தான். ஒயரக் கட்டினது என் கை."

 ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சாப்ட்டியாக்கா?" என்றான்.

"இன்னும் இல்ல."

வெளியே வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான். கோர்ட் படிக்கட்டு உயரம். ஒரு காலால் அவன் படிக்கு ஒரு தடவை நின்று நின்று இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகும்போது நான் எழுந்து கைகொடுத்திருக்கலாம். அவளை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அவன் பொட்டலத்தோடு திரும்பி மேலே ஏறி வருவதற்குள் அவளை ஏற்றிக்கொண்டு ஜெயில் வேன் கிளம்பிவிட்டது.