வலியில் வந்த மொழி

அந்தப் பையனின் பாதங்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அவ்வளவு உயரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸாக வேலை பார்த்த சின்ன மருத்துவமனையின் கட்டில்கள் நம்மூர் உயரத்துக்குச் செய்தவை. பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவன். அடையாள அட்டையில் டோகோ என்று போட்டிருந்தது. அப்படி ஒரு நாடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆப்பிரிக்கா முழுக்க ஒரே நாடு என்ற நினைப்பிலேயே மொத்தப் படிப்பையும் தாண்டி வந்தவள் நான். சேத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போவதே எனக்குப் பெரிய பிரயாணம்.

பையனுக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. உடனே அறுக்க வேண்டும், தாமதித்தால் சீழ் வயிறெங்கும் பரவி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையனோ கையெழுத்துப் போட மறுத்தான். பேனாவை நீட்டினால் தட்டிவிட்டு, புரியாத எதையோ திரும்பத் திரும்பச் சொன்னான். வந்தபோது பேசிய அரைகுறை ஆங்கிலமும் வலி ஏற ஏற நின்றுபோயிற்று. அது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாடு என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, டாக்டர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த தன் நண்பரைப் போனில் பிடித்தார். அந்த மனிதரும் எவ்வளவோ நயமாகப் பேசிப் பார்த்தார். பையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் ஹெட் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இங்கேதான். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆனால் வார்டில் எங்களைத் திட்டுவது முழுக்கத் தமிழில்தான். அதில் ஒருநாளும் எங்களுக்குக் குறை வைத்ததில்லை. அவர் கட்டிலருகே போய் நின்று அந்த முனகலைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு டாக்டரிடம் சொன்னார்:

“சார், பள்ளிக்கூடத்துல படிச்ச பாஷ வலியில வாராது. எனக்குப் பிள்ள பொறக்கையில வாயில தமிழே வரல, அம்புட்டும் தெலுங்குதான். இவன் அம்மாட்டப் பேசுத பேச்சு எதுன்னு பாருங்க.”

அதைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வராந்தாவிலேயே இருந்தான். ஆப்பிரிக்கன் பேசினால் ஆப்பிரிக்கனுக்குப் புரியாதா என்று, விடுதிக் காப்பாளர் மூன்றாம் வருட மாணவன் ஒருவனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அவன் கானாக்காரன், இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட நாடு, பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது என்றானதும் பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிட்டார்கள். உள்ளே கிடப்பவன் எந்த நாடு என்றுகூட அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான் அவனைத் தாண்டி நாலைந்து தடவை போய் வந்தேன். அக்கா அவனை உள்ளே அழைத்தார். வாசலிலேயே முனகல் காதில் விழுந்து, அப்படியே நின்றுவிட்டான். பிறகு ஓடிப்போய்க் குனிந்து ஏதோ சொன்னான். சுவரைப் பார்த்துக் கிடந்தவன் திரும்பிய வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். பையனின் அப்பா ஆபரேஷன் மேசையில் இறந்தவர். அம்மா தன் வாயால் சரி என்று சொல்லாமல் உடம்பில் கத்தி படக் கூடாது என்கிறான். ஊருக்குப் போன் போட்டோம். அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை, பிரெஞ்சும் தெரியாது. டாக்டர் சொன்னதையெல்லாம் கானாப் பையன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். மறுமுனையில் அழுகை, கேள்வி, மறுபடியும் அழுகை. கடைசியில் ஒரு சின்னச் சொல். பையன் பேனாவுக்குக் கை நீட்டினான்.

உடம்பு தேறி வந்த நாட்களில் கானாப் பையன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு எங்களுக்குக் கதை சொன்னான். முதலில் ஜெர்மன்காரர்கள் வந்தார்களாம். முதல் உலகப் போரில் அவர்கள் தோற்றதும் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் அந்த மண்ணை ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டார்களாம். இங்கிலீஷ்காரர் துண்டு பிற்பாடு கானாவோடு சேர்ந்ததாம். நடுவே போட்ட கோடு டோகோப் பையனின் வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் போகிறது. வீடு டோகோ, வயல் கானா. கானாப் பையனின் ஊர் அந்த வயலிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு பக்கமும் எவே என்கிற ஒரே பேச்சு. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ், இன்னொரு பிள்ளைக்கு பிரெஞ்சு. பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்ளக் கடல் தாண்டி எங்கள் வார்டுக்கு வர வேண்டியிருந்தது. ஒரு கண்டத்தின் சரித்திரம் முழுவதும் எங்கள் ஏழாம் நம்பர் கட்டிலில் வந்து கிடந்ததுபோல் இருந்தது.

அக்கா அந்தச் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “கோடு போட்டவன் அங்கன வந்து பாத்தானா?” என்று கேட்டார். பெரும்பாலும் ஐரோப்பாவில் மேசைமேல் வைத்துப் போட்டதுதான் என்றான் அவன். வந்து பார்த்திருந்தால் கோடு போட மனசு வந்திருக்காது என்றார் அக்கா. எனக்கென்னவோ அப்போதும் மனசு வந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

டோகோப் பையன் விடுதிக்குக் கிளம்பும் காலையில் அவன் அம்மா போனில் வந்தார். மொழிபெயர்க்கக் கானாப் பையன் இல்லை, பரீட்சைக்குப் போயிருந்தான். பையன் போனை அக்கா கையில் கொடுத்தான். அந்த அம்மா தன் மொழியில் பேசப் பேச, அக்கா தெலுங்கில் பதில் சொன்னார். வார்டில் அவர் தெலுங்கு பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். ஒருவர் நிறுத்திய பிறகுதான் மற்றவர் தொடங்கினார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாய்பிளந்து நின்றோம்.

அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் ராஜபாளையத்தில் அவரைப் பார்க்கப் போனபோது, அன்றைக்கு அந்த அம்மா என்னதான் கேட்டார் என்று கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்?” என்றார். “பிள்ள சாப்பிட்டானான்னு கேட்டிருப்பா. சாப்பிட்டான்னு சொன்னேன்.”