விசையில் தொங்கிய அரைக்கிலோ

அது வெடிச்சத்தம் இல்லை. குண்டு போடாத காற்றுத் துப்பாக்கி தன் ஸ்பிரிங்கை விட்ட சத்தம். மரப்பெட்டியின் மூடி கை தவறி விழுந்தால் எப்படிக் கேட்குமோ, அவ்வளவுதான். ஆனால் திருச்சியில், அந்த நீளமான கூடத்தில் அது கேட்ட கணத்தில் அப்பாவின் கண்கள் போன இடத்தை நான் பார்த்தேன். எல்லாரும் துப்பாக்கியைப் பார்க்க, அவர் மட்டும் தரையைப் பார்த்தார். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பார்வை விளங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. விளங்கிய பிறகும் அதிர்ச்சி அடங்கவில்லை.

பாபநாசத்தில், கும்பகோணம் போகும் ரோட்டின் மேலேயே எங்கள் மளிகைக் கடை. பின்பக்கம் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். கும்பகோணத்தில் காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்துப் பழகியவள். படிப்பு முடிந்தது, துப்பாக்கி முடியவில்லை. கும்பகோணத்துத் துப்பாக்கி கிளப்பில் இரவலாகக் கொடுத்த போட்டிக் கைத்துப்பாக்கியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, கீரைக்கட்டு மாதிரி மடியில் இருத்திக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருவாள்.

திருச்சிப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் மாநில அணி. மாநில அணி என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. வராவிட்டால் நீடாமங்கலம். நீடாமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அத்தை அவரைக் குறை சொன்னதே இல்லை. "அவருக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் அங்க என்ன வேலைன்னு தெரியல" என்பாள்.

துப்பாக்கி பழையது. காற்றை அழுத்துகிற பெரிய ஸ்பிரிங் தளர்ந்து, குண்டு அட்டையில் கீழே கீழே போய் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கிளப்பிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வம்பு செய்தது விசையின் குட்டி ஸ்பிரிங். அது விறைப்பாக இருந்தால் விரல் முக்கி இழுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பில் முனை மயிரிழை அசையும். பத்து மீட்டர் தள்ளி அந்த மயிரிழை விரல் அகலமாகிவிடும். தளர்வாக இருந்தால் நினைக்கும்போதே சுட்டுவிடும். அதற்காகப் போட்டியில் ஒரு விதி. விசையில் அரைக்கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். தாங்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியோடு உள்ளே போக முடியாது. அரைக்கிலோவைத் தாங்கவும் வேண்டும், அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட விறைக்கவும் கூடாது. சுடுகிறவர்கள் எல்லாருடைய ஆசையும் அந்தச் சிட்டிகையில்தான்.

மளிகைக் கடைக்காரர் வீட்டில் அரைக்கிலோவுக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, அடைத்த கடைக்குள் அத்தை உட்கார்ந்தாள். பொட்டலத் தாளின் மேல் மூன்று ஸ்பிரிங். துப்பாக்கியோடு வந்தது ஒன்று, கிளப்பில் கொடுத்தனுப்பியவை இரண்டு. மூன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. தும்மிவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

"அண்ணே, அரைக்கிலோ கல்ல எடுத்துக்கறேன்."

அப்பா கல்லைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அது எதுக்கு, எண்ணெய்ப் பிசுக்குப் புடிச்ச கல்லு. தஞ்சாவூர் போறப்ப உனக்குன்னு புதுசா ஒண்ணு வாங்கியாறேன்."

"ஏன், உங்க கல்லு பொம்பளப் புள்ள துப்பாக்கியில தொங்காதாமா?"

அடுப்படியில் அம்மா சிரித்தாள். அத்தை பொட்டலம் கட்டும் நூலால் கல்லைச் சுற்றிக் கட்டி விசையில் மாட்டினாள். பழைய ஸ்பிரிங் தாங்கியது. ஆனால் விரலால் இழுத்தபோது அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டுத் தூக்கியதுமே துப்பாக்கி விட்டுவிட்டது. மூன்றாவது நின்றது. கல் மேசையைவிட்டு எழுந்து, சுழன்று, அமைதியாகத் தொங்கியது. கல்லைக் கழற்றிவிட்டு அவள் விரலை வைத்தாள். விரல் வைத்ததும் தெரியவில்லை, விசை விட்டதும் தெரியவில்லை.

"இதுதான்டி குட்டி" என்றாள் என்னிடம், மூச்சுக்குள்.

"கொஞ்சம் விறைப்பாவே இருந்துட்டுப் போவட்டுமே. பழசையே போட்டுக்கிட்டுப் போயேன்" என்றார் அப்பா.

"பருப்பு நிறுக்கிறவரு டிரிக்கருக்கு வந்துட்டாரு. கல்லு உங்களுது, நின்னுடுச்சு. உங்க கல்ல நீங்களே நம்பலன்னா ஊரு எப்புடிண்ணே நம்பும்?"

அப்பா சிரித்தார். சிரித்துவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். ஊர் நம்பியது. மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்கு அரிசி நிறுக்கக்கூட எங்கள் தராசையும் கல்லையும்தான் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் தவறாமல் கொல்லைச் சுவரில் அட்டையை ஒட்டிச் சுட்டாள். சம்பா நடவு முடிந்து, வயலெல்லாம் பச்சை பிடித்து, காற்றுக்கு ஒரு குளிர்ச்சி வந்தபோது அவள் விரலுக்கு அந்த எடை மனப்பாடமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெறும் காற்றில் விரலை மடக்கிக் காட்டுவாள். "இவ்வளவுதான்டி. இவ்வளவேதான்."

திருச்சிக்கு அப்பா, அத்தை, நான். போன இடத்தில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் கல்லையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். துப்பாக்கிகளைச் சோதிக்கிற மேசையில் ஒரு பெரியவர், கையில் கொக்கி வைத்த பளபளப்பான எடை. மாட்டினார். தூக்கினார்.

டக்.

"லைட்டா இருக்கேம்மா."

"இருக்காது சார். பாத்துப் பாத்துப் போட்டது சார். இன்னொரு தடவ."

டக்.

அத்தை கைக்குட்டையை அவிழ்த்து எங்கள் கல்லைக் கட்டித் தூக்கினாள். நின்றது. அவர் மறுபடி தம்முடையதை மாட்டினார். விட்டது. இரண்டையும் உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்துக் கொஞ்ச நேரம் ஏந்திப் பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. என்னுது முத்திரை போட்டது. இது எந்தக் கடைக் கல்லும்மா?"

பின்னால் வரிசையில் எங்கள் கடையை அறிந்த கும்பகோணத்துக்காரர்கள் நின்றார்கள். அத்தை கல்லை வாங்கித் திருப்பினாள். அதன் அடியில் ஒரு குழி, குழியில் கறுப்பாக அரக்கு. எனக்கு அது தினமும் பார்க்கிற அரக்கு. எல்லாக் கல்லுக்கும் தொப்புள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அத்தை நகத்தால் அதை அழுத்தினாள். நகம் உள்ளே இறங்கியது. அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்து போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பழைய இரும்புக் கடையில எடுத்தது சார். அந்தக் கடையே இப்ப இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அப்படிப்பட்டவள் கண் இமைக்காமல் ஒரு கடையையே கட்டி, அதை மூடியும்விட்டாள். அப்பா அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து அத்தை ஸ்பிரிங்கைக் கழற்றினாள். அப்பா கிட்டே வந்து, "நான் அன்னைக்கே..." என்றார்.

"ஸ்க்ரூ டிரைவரக் குடுங்கண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. பழைய ஸ்பிரிங்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். மனப்பாடமான விரல் பாதியில் நின்று நின்று தடுமாறியது. ஐந்தாவதாக வந்தாள். தை மாதம் நீடாமங்கலத்துக்குப் போனாள்.

வெகுகாலம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் தாள் பறக்காமல் இருக்க ஓர் இரும்பு எடைக்கல்லை வைத்திருந்தார்கள். சும்மா திருப்பிப் பார்த்தேன். குழியில் ஈயம், ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரை. ஈயம் இருக்க வேண்டிய இடத்தில்தான் எங்களுடையதில் எடையில்லாத அரக்கு இருந்தது. நண்பர் காபி நீட்டிக்கொண்டு நிற்கிறார், எனக்குக் கை வரவில்லை. குறைத்து நிறுத்தது இருக்கட்டும். கடைக்காரர்களின் உலகத்தில் அதற்கு ஆயிரம் சமாதானம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம், அடைத்த கடைக்குள், கூடப்பிறந்தவளிடம். அதைச் சொல்ல முடியாமல் புதுக் கல் வாங்கித் தருகிறேன் என்று சுற்றினார், பழசையே போடு என்று சுற்றினார், கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு திருச்சிவரைக்கும் கூடவே வந்தார்.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் வேறு ஒரு கணக்குக்கு வந்திருந்தேன்: திருச்சி பெரிய ஊர், அதனால் அங்கே அரைக்கிலோவும் பெரியது. எங்கள் ஊர் அரைக்கிலோவை அவர்கள் மதிக்கவில்லை. அநியாயம்.

தஞ்சாவூரில் எங்கள் தெரு அக்கா ஒருத்தி ஏறி, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்ணே, தங்கச்சி ஜெயிச்சிடுச்சா?"

"இல்லம்மா" என்றார் அப்பா.

"போவுது, விடுங்க. இங்க வாங்குன இந்தப் பருப்பத் தூக்கிப் பாருங்கண்ணே, ரெண்டு கிலோ மாதிரியா இருக்கு? என்ன இருந்தாலும் உங்க கடை எடை வராது."

அப்பா பையை வாங்கினார். தூக்கிப் பார்க்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸுக்கே கேட்கும்படி ஆரம்பித்தேன்.

"அத்தை, நீங்க ஏன் பழைய இரும்புக் கடைன்னு சொன்னீங்க? அந்தக் கல்லு நம்ம..."

அத்தையின் கை என் வாயை மூடியது. சுடுகிற கை. துப்பாக்கி எண்ணெய் வாசம். "தூக்கக் கலக்கத்துல உளறுது" என்று அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். அது எங்களுக்குள் பழைய விளையாட்டு: அவள் வாயைப் பொத்துவாள், நான் கடிப்பேன், அவள் அலறிக்கொண்டு கையை எடுப்பாள். கடித்தேன். அவள் அலறவில்லை. இன்னும் அழுத்திக் கடித்தேன். அய்யம்பேட்டை வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் கிளம்பியது. அத்தை கையை எடுக்கவில்லை. இவ்வளவு நேரமாக ஏன் விளையாடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.